ரெக்கார்ட் நோட்டிலிருந்து தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் வரை: குமரி மாவட்ட வேதியியல் மாணவர்களுக்கு

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நெய்யூரிலோ, எங்கே பி.எஸ்சி. வேதியியல் படித்தாலும் மூன்றாம் ஆண்டு முடியும்போது வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: பி.எட்.டா, எம்.எஸ்சி.யா, வேலையா? வேலை என்று முடிவெடுத்துத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்குள் போனவர்கள் நாங்கள். எங்களுக்குக் கைகொடுத்த திறன்களில் முக்கால்வாசி கல்லூரி ஆய்வகத்திலேயே கற்கக் கூடியவை. ஆனால் அவற்றைத் தேர்வுக்காகச் செய்யும் விதம் வேறு, வேலைக்காகச் செய்யும் விதம் வேறு. இந்த மாற்றத்தை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

முதலில் விட வேண்டிய பழக்கம், ரீடிங்கை வளைப்பது. கல்லூரியில் ஆசிரியர் கையில் இருக்கும் அளவோடு நம் விடை எவ்வளவு நெருங்குகிறது என்பதற்குத்தான் மதிப்பெண். அதனால் டைட்ரேஷனில் (கரைசலைத் துளித்துளியாக விட்டு அளவு காணும் சோதனையில்) 8.40, 8.55 மி.லி. என்று வந்தால் இரண்டாவதை அடித்துவிட்டு மறுபடியும் 8.40 எழுதுகிறோம். துண்டுத்தாளில் குறித்து, வீட்டில் உட்கார்ந்து ரெக்கார்டில் அழகாக நகலெடுக்கிறோம். மருந்து ஆலையிலோ உணவு ஆய்வகத்திலோ இது வேலையைப் பறிக்கும் குற்றம். அங்கே முதன்முதலாகக் கையால் எழுதியதுதான் தரவு. பேனாவில், நடந்த நேரத்திலேயே, பக்க எண் அச்சிட்ட நோட்டில் எழுத வேண்டும். தவறினால் படிக்கத் தெரியும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண், காரணம், கையெழுத்து, தேதி. ஒயிட்னர், பென்சில், கிழித்த பக்கம் எதற்கும் இடமில்லை. 8.55 வந்தால் 8.55 என்றே எழுதி, ஏன் வந்தது என்று தேட வேண்டும். கடின உறை போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, கல்லூரி ரெக்கார்டுக்குப் புறம்பாக இப்படி எழுதப் பழகுங்கள். எங்களுக்கு இதைவிடப் பெரிய பலன் தந்த முதலீடு வேறில்லை.

அடுத்து, சொந்தமாக ஒரு சிறு ஆய்வு. கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு, நல்ல தொடக்கம். கடற்கரை ஊர்களிலிருந்து மலையடிவாரம் வரை வேறுவேறு இடங்களில் பத்து மாதிரி எடுத்தால் போதும். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி, இடம், நாள், நேரம், கிணறா போரா என்று எழுதி ஒட்டுங்கள். பிஹெச்சை அந்த இடத்திலேயே பாருங்கள். பாட்டிலில் இருக்க இருக்கக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி அது மாறிவிடும்.

கடினத்தன்மையை அளக்க, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கரைசல் வேண்டும். ஈடிடிஏ டைசோடியம் உப்பு 3.723 கிராம் ஒரு லிட்டரில் கரைத்தால் ஏறத்தாழ 0.01 மோலார். ஏறத்தாழ என்பதை மறக்கக் கூடாது. 1.000 கிராம் கால்சியம் கார்பனேட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, நடுநிலையாக்கி, ஒரு லிட்டர் ஆக்கிய கரைசலைக் கொண்டு அதைத் தரப்படுத்த, அதாவது அதன் சரியான செறிவைக் காண வேண்டும். பிறகு 50 மி.லி. மாதிரி, பிஹெச் 10 தரும் அம்மோனியா பஃபர் 1 முதல் 2 மி.லி., எரியோகுரோம் பிளாக் டி இண்டிகேட்டர் (நிறங்காட்டி) சிட்டிகையளவு. பியூரெட்டிலிருந்து ஈடிடிஏவை விட விட, ஒயின் சிவப்பு மறைந்து, சிவப்புச் சாயலே இல்லாத நீலம் வரும் துளிதான் எண்ட் பாயிண்ட்.

பிழை எங்கே வரும் என்று தெரிந்திருப்பதுதான் திறமை. பஃபர் பாட்டிலைத் திறந்து வைத்தால் அம்மோனியா போய், பிஹெச் இறங்கி, நிறம் இழுத்துக்கொண்டே மாறும். இண்டிகேட்டர் கரைசல் சில நாளிலேயே கெட்டுப்போகும். ஒரு பங்குக்கு நூறு பங்கு சோடியம் குளோரைடு சேர்த்து அரைத்துப் பொடியாக வைத்தால் நிற்கும். பஃபர் ஊற்றிய 5 நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகி, கடினத்தன்மை குறைவாகத் தெரியும். மாதிரியில் செம்பு போன்ற உலோகம் இருந்தால் அது இண்டிகேட்டரைப் பிடித்துக்கொள்ளும், நீலமே வராது. பியூரெட் அளவு 15 மி.லி.க்கு மேல் போனால் மாதிரியைக் குறைவாக எடுத்து நீர்க்க வைத்துத் திரும்பச் செய்யுங்கள்.

மூன்று ரீடிங் 8.40, 8.45, 8.40 என்றால் சராசரி 8.42. மாதிரிக்குப் பதில் காய்ச்சி வடித்த நீரை வைத்துச் செய்தபோது செலவான 0.10 மி.லி.யைக் கழித்து, 1 மி.லி. ஈடிடிஏ 0.985 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்று தரப்படுத்தியிருந்தால், விடை லிட்டருக்கு 164 மி.கி. ஐஎஸ் 10500 குடிநீர்த் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் உச்சம் 600. எண்ணையும் அது எந்த வரம்போடு ஒப்பிடப்படுகிறது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவரைத்தான் ஆய்வகம் தேடுகிறது.

ரப்பரை விட்டுவிட்டால் நம் மாவட்டத்து வேதியியல் முழுமையாகாது. பால் வெட்டுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இடையே பேசப்படும் எண் டிஆர்சி, அதாவது பாலில் இருக்கும் உலர் ரப்பரின் சதவீதம். 10 கிராம் பாலைத் துல்லியமாக நிறுத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, 2 சதவீத அசிட்டிக் அமிலத்தால் உறைய வைத்து, வெந்நீர்த் தொட்டியில் சீரம் (ரப்பர் உறைந்தபின் எஞ்சும் நீர்) தெளியும்வரை வைக்க வேண்டும். கட்டியை 2 மி.மீ.க்குள் மெல்லிய ஷீட்டாக உருட்டி, கழுவி, 70 டிகிரியில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்த வேண்டும். 10.12 கிராம் பாலுக்கு 3.54 கிராம் ரப்பர் கிடைத்தால் 35.0 சதவீதம். சீரம் வெள்ளையாகவே இருந்தால் ரப்பர் அதில் போய்விட்டது, விடை குறையும். ஷீட் தடித்து நடுவே வெண்புள்ளி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, விடை கூடும். 200 கிலோ பாலில் ஒரு சதவீதப் பிழை 2 கிலோ ரப்பர்; அந்தக் காசு யாரோ ஒருவர் கையிலிருந்து போகிறது. ஆய்வகத்தில் நிற்கும்போது எங்களை அவசரப்படாமல் வைத்திருந்தது இந்த நினைப்புதான்.

கணினித் திறன் என்றதும் பெரிய கோர்ஸ் தேட வேண்டாம். எக்செலில் சராசரி, திட்ட விலக்கம், அளவீட்டு வரைகோட்டின் சாய்வு, ஆர்-ஸ்கொயர் ஆகியவற்றைப் பார்க்காமல் போடத் தெரிந்தால் போதும். மேலே சொன்ன மூன்று ரீடிங்குக்குச் சார்பு திட்ட விலக்கம் (திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) 0.34 சதவீதம் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கரைசலின் கூறுகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் ஒரே கரைசலை ஐந்து முறை செலுத்தி இதே கணக்கைப் போட்டு, பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் கல்லூரிக்கு வரும் வகுப்புகளையும் விடாதீர்கள்.

இன்டர்ன்ஷிப்புக்கு நான்காம் செமஸ்டர் விடுமுறை சரியான காலம். இரண்டு மாதம் முன்பே கேட்கத் தொடங்க வேண்டும். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல்லின் கனிம மணல் ஆலை, நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகம், தனியார் ரப்பர் பால் ஆலைகள், குடிநீர், உணவு ஆய்வகங்கள், ரயிலேறினால் திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் சிஎஸ்ஐஆர்-என்ஐஐஎஸ்டி ஆராய்ச்சி நிலையம். எல்லா இடத்திலும் கிடைக்காது. பத்து இடத்துக்கு எழுதினால் ஒன்றிரண்டு பதில் வரும். மின்னஞ்சல் எட்டு வரிக்கு மேல் வேண்டாம்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன செய்யத் தெரியும், எந்தப் பிரிவில் சேர விருப்பம். ஒரு பக்க பயோடேட்டாவைப் பிடிஎஃப்பாக, உங்கள் பெயரையே கோப்புப் பெயராக வைத்து இணையுங்கள். துறைத்தலைவரின் போனஃபைடு கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம்.

பயோடேட்டாவில் கருவிகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: தனியாக இயக்கியவை, உடனிருந்து பார்த்தவை, படித்தவை. ஹெச்பிஎல்சியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு இயக்கத் தெரியும் என்று எழுதினால் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வோம். மொபைல் ஃபேஸை (கருவிக்குள் ஓடும் கரைப்பானை) ஏன் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிக்கிறோம், ஏன் காற்றுக்குமிழ் நீக்குகிறோம் என்று கேட்பார்கள். பார்த்தது மட்டும்தான் என்று உண்மையைச் சொன்னவர்களிடம் பெரும்பாலும் கனிவாகவே நடந்துகொண்டார்கள்.

நேர்முகத்தில் ஆங்கிலம் தடுமாறுவதைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். செய்த வேலையைப் பத்து எளிய வாக்கியத்தில் சொல்லிப் பழகினால் அதுவே போதும். உங்கள் ஊரில் என்ன தொழிற்சாலை என்று கேட்டால் மணலைப் பற்றிப் பேசலாம்: அதிலுள்ள கனிமங்களில் இல்மனைட் காந்தத்தால் ஈர்க்கப்படும், மின்சாரமும் கடத்தும், ரூட்டைல் கடத்தும், ஈர்க்கப்படாது, சிர்கான் இரண்டும் இல்லை, மோனசைட் லேசாக ஈர்க்கப்படும், கடத்தாது. இந்த வேறுபாட்டை வைத்தே அவற்றைப் பிரிக்கிறார்கள்.

கணக்கு ஒன்று அநேகமாக நிச்சயம். ஒரு லிட்டர் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எப்படித் தயாரிப்பாய்? 37 சதவீத அமிலம், அடர்த்தி 1.18 என்றால் அது ஏறத்தாழ 12 நார்மல், 8.4 மி.லி. வேண்டும். எண்ணைச் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. ஃபியூம் ஹூட் எனும் புகை உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்து, தண்ணீரில் அமிலத்தை ஊற்றி, ஆறவிட்டு, அளவுக்கோடுவரை நிரப்பி, உலர்த்திய சோடியம் கார்பனேட்டால் தரப்படுத்தி, பாட்டிலில் பெயர், செறிவு, தயாரித்த நாள், காலாவதி நாள், கையெழுத்து என்று லேபிள் ஒட்டுவதுவரை சொல்லுங்கள். லேபிள்வரை சொல்கிறவர் ஆய்வகத்தில் நின்றவர் என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.