மோரிஸ் மைனருக்குக் கதவு, மட்கார்டு, பானெட் மாட்டிய கதை

எங்கள் ஐயா வாங்கிய 1955 மாடல் மோரிஸ் மைனர், நாலு கதவு வண்டி. கானாடுகாத்தான் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் பல வருஷம் சும்மாவே நின்றது. என்ஜின் வேலை பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை விடுங்கள். பாடி பேனல்களைக் கழற்றித் திரும்ப மாட்டியதுதான் பொறுமையைச் சோதித்தது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்து இடைவெளி சரியாகும்வரை பெயிண்டர் பக்கமே போகாதீர்கள்.

இந்த வண்டிக்கு லாரி, ஜீப் மாதிரி தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியேதான் பாரம் தாங்குகிறது. கதவுக்கடியில் நீளமாக ஓடும் சில் துருப்பிடித்துவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து கதவு வாசலின் அளவே மாறிப்போகும். முன் மட்கார்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து இறுகிப்போன செம்மண் கட்டி கட்டியாக விழுந்தது. மழைக்காலத்தில் டயர் வாரியடித்து அங்கே அப்பிய மண், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருந்து, கீல் நிற்கும் தூணின் அடிப்பகுதியைப் பொத்தலாக்கியிருந்தது. வெளியே பார்த்தால் பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது!

காரைக்குடியிலிருந்து வந்த டிங்கர் மேஸ்திரி சில்லை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பை வைத்துப் பற்றவைத்துவிட்டார். அதைச் செய்யாமல் வெட்டினால் பாடி இறங்கிவிடும், அப்புறம் எந்தக் கதவும் உட்காராது. 20 கேஜ் தகட்டில் புதுச் சில் மடக்கி, அங்கங்கே டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிற்கப் புள்ளி புள்ளியாக வைக்கும் பற்றவைப்பு) மட்டும் வைத்து, ஆங்கிளை எடுத்துவிட்டுக் கதவுகளைத் தொங்கவிட்டு மூடித் திறந்து பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். அதுவும் ஒரே இழுப்பில் இல்லை, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு, இல்லாவிட்டால் சூட்டில் தகடு நெளிந்துவிடும்.

நான் முன்னாலிருந்து மாட்டிக்கொண்டு போகலாமே என்றேன். "அண்ணே, பின்கதவுதான் மொதல்ல. அது பாடிக்கு ஒட்டணும், அதப் பாத்து முன்கதவு, முன்கதவப் பாத்து மட்கார்டு, கடைசிலதான் பானெட்" என்றார். காரணம் எளிது, பின்பக்க பாடியை நகர்த்த முடியாது. கதவைக் கீலில் தகட்டுத் துண்டு கொடுத்து ஓரளவு நகர்த்தலாம், மட்கார்டை போல்ட் ஓட்டையில் கிடைக்கும் இடத்துக்குள் நகர்த்தலாம். நகராத இடத்தில் ஆரம்பித்து நகரும் இடத்தில் முடிக்க வேண்டும். சுற்றிலும் ஒரே இடைவெளி வருகிறதா என்று பார்க்க பிளைவுட் துண்டு ஒன்றை 5 மில்லிமீட்டருக்கு இழைத்து வைத்துக்கொண்டோம். பெயிண்ட் ஏறினால் இடைவெளி இன்னும் குறையும், அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மட்கார்டு புதிதாக வாங்கலாமா, பழையதையே சரி செய்யலாமா என்று கேட்டால் பழையதுதான் என்பேன். அந்த வண்டியிலேயே வந்தது, ஓரத்தை வெட்டி ஒட்டுப்போட்டாலும் வளைவு பொருந்தும். நாங்கள் வரவழைத்த புது மட்கார்டு ஒன்று ஹெட்லைட் பக்கம் பொருந்தினால் கதவுப் பக்கம் பிதுங்கிக்கொண்டு நின்றது. அதைப் பட்டி போட்டு மறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அரை இஞ்சுக்குப் பட்டி போட்டால் நம்ம ஊர் வெயிலில் எத்தனை நாள் நிற்கும்?

பானெட்டில்தான் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வடிவமைத்தபோது, 1948-இல் வெளிவருவதற்கு முன், மாதிரி வண்டி ஒடுங்கலாகத் தெரிகிறது என்று அதை நெடுக்காக வெட்டி 4 அங்குலம் அகலப்படுத்தினார். அந்த நாலு அங்குலம்தான் பானெட் நடுவில் பட்டையாக ஓடுகிறது. எங்கள் வண்டிக்கு முன்கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில் ஒரு சட்டம். அந்தச் சட்டமும் பட்டையின் நடுவும் ஒரே கோட்டில் வர வேண்டும், இம்மி விலகினாலும் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். நூல் கட்டிப் பார்த்து, பானெட் கீலைத் தளர்த்தி ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்க மட்கார்டில் உரசும், மட்கார்டைத் தள்ளினால் கதவு இடைவெளி கெடும். ஒரு மத்தியானம் முழுக்க இதிலேயே போனது.

எல்லாம் சரி என்றானதும் திரும்பக் கழற்றி பெயிண்டுக்கு அனுப்பினோம். அதுவரை கதவுகளை இரண்டாங்கட்டில் சாய்த்து வைத்திருந்தோம், ஆத்தங்குடி கல்லில் கீறல் விழுகிறது என்று ஆச்சியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

பின் மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவே, இடுக்கை அடைக்கும் மெல்லிய பட்டையான பீடிங் வரும். இதைப் பெயிண்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். போல்ட் வரும் இடத்தில் பீடிங்கின் ஓரத்தைச் சின்னதாக வெட்டிவிட்டு, எல்லா போல்ட்டையும் பாதி மட்டும் முறுக்கி, பீடிங்கைச் சொருகி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இறுக்கிக்கொண்டு போனால் சுருக்கம் விழாது. ஒருவர் உள்ளே படுத்து முறுக்க, ஒருவர் வெளியே பீடிங்கை இழுத்துப் பிடிக்க, ஆள் இரண்டு பேர் கட்டாயம்.

கதவு ரப்பர் மாட்டியதும் கதவு மறுபடி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், பயந்துபோய்க் கீலில் கை வைத்துவிடாதீர்கள். புது ரப்பர் தடிமனாக இருக்கும், கதவைப் பூட்டியே வைத்தால் அமுங்கிவிடும். எங்களுக்கு இடதுபக்கம் அமுங்கிவிட்டது, வலது முன்கதவு இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. டிக்கி மூடி பாக்கி இருக்கிறது.