நர்சிங் படிப்பில் எங்களைத் தாக்குப்பிடிக்க வைத்தது

வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்தில், ஒரு கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட நர்சிங் முடித்தேன். வகுப்பில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். அங்கேயே பிறந்தவர்கள், நைஜீரியா, கேமரூனிலிருந்து வந்தவர்கள். தமிழ் நான் ஒருத்திதான்.

கறுப்பின மாணவர்கள் பாதியில் நின்றால் ‘படிப்பு ஏறவில்லை’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை ஏறாமல் இல்லை, நேரம்தான் இல்லை. என் பக்கத்து இருக்கைக்காரி முதியோர் இல்லத்தில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு, மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வகுப்புக்கு வருவாள். பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் உதவித்தொகை) ஃபீஸுக்கு உதவும், கார் படுத்துவிட்டால்? கிளினிக்கல், அதாவது மருத்துவமனைப் பயிற்சி, காலை ஏழுக்கு, குழந்தைக் காப்பகம் திறப்பதோ அதற்குப் பிறகு. கடைசியில் தோழி ஒருத்தியின் அம்மாதான் எல்லார் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் எங்கள் டீச்சர். அவரும் கறுப்பினத்தவர். ஆக்சிஜன் குறைந்தால் தோல் நீலமாகும் என்று புத்தகத்தில் இருந்தது, படத்தில் வெள்ளைத் தோல். ஸ்கில்ஸ் லேபில் அவர் தன் கீழிமையை இழுத்துக் காட்டினார். “கருத்த தோலில் இங்கே பார், உதட்டின் உட்பக்கம் பார். சாம்பல் பூத்தாற்போல் தெரியும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நம் தோலில் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டக்கூடும், எண்ணை மட்டும் நம்பாதே.” என் தோலுக்கும் அது பொருந்தும்தானே! அன்று ஒருவரும் போனைத் தொடவில்லை.

ஃபெயில் ஆனவர்களை அறைக்கு அழைத்து, ‘இந்த விடையை ஏன் தேர்ந்தெடுத்தாய்?’ என்று ஒவ்வொரு கேள்வியாக உட்கார்ந்து பார்ப்பார். ‘எந்த நோயாளியை முதலில் பார்ப்பாய்’ வகைக் கேள்விகள் அப்படித்தான் பிடிபட்டன. கிளினிக்கலில் ஒரு நோயாளியின் உறவினர் என் தோழியைத் துப்புரவுப் பணியாளர் என்று நினைத்துக் குப்பையை எடுக்கச் சொன்னபோது, டீச்சர் அதை மூடி மறைக்காமல் அன்றைக்கே எல்லார் முன்பும் பேசினார். இல்லாவிட்டால் அவள் அந்த வாரமே நின்றிருப்பாள்.

1932-ல் வாஷிங்டனில் கறுப்பின நர்சுகள் தொடங்கிய காய் ஈட்டா ஃபை சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் கடைசி செமஸ்டரில் நர்ஸ் லைசென்ஸ் தேர்வான என்கிளெக்ஸுக்குப் பயிற்சி கொடுத்தார். அதில் குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150; முடிவு தெளிவானதும் கம்ப்யூட்டர் தானே நின்றுவிடும். நின்றதும் பயந்துவிடாதீர்கள் என்றார்.

சேரப்போகிறவர்கள் காலேஜில் இதையெல்லாம் விசாரியுங்கள்: கிளினிக்கல் அட்டவணை எத்தனை வாரம் முன்னால் கிடைக்கும்? அவசரத்துக்குப் பண உதவி உண்டா? தேர்வுத்தாளை உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கிறாரா?