பூட்டன் ஊர் அயர்லாந்து: கொழும்பிலிருந்து தேடுவோருக்கு

கொழும்பு 7 இல் ரோஸ்மீட் பிளேஸ், கொஞ்சம் தள்ளினால் கிரெகரி வீதி (இப்போது ஆர். ஜி. சேனநாயக்க மாவத்தை). இரண்டும் அயர்லாந்துக்காரரின் பெயர்கள். வெஸ்ட்மீத் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) ரோஸ்மீடில் பிறந்த ஹெர்கியூலிஸ் ராபின்சன் 1865 முதல் 1872 வரை இங்கே ஆளுநர். அவருக்குப் பின் 1877 வரை கால்வேக்காரரான வில்லியம் கிரெகரி. ஆளுநர்களின் பெயர் வீதிகளோடு நிற்கிறது. சிப்பாயாகவும் தோட்டத்துச் சின்னத்துரையாகவும் வந்தவர்களின் ஊரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் வழிவந்த குடும்பங்கள், பறங்கியர் வீடானாலும் மலையகத் தமிழர் வீடானாலும், "பூட்டன் ஐரிஷ்காரர்" என்ற ஒரே பிடியோடுதான் தேடத் தொடங்குகின்றன.

அந்தப் பிடியை வைத்துக்கொண்டு நேரே அயர்லாந்துப் பதிவுகளைத் திறக்காதீர்கள். ஜேம்ஸ் மர்பி என்று தட்டினால் நூற்றுக்கணக்கில் வரும். மர்பிதான் அந்த நாட்டில் அதிகம் வழங்கும் குடும்பப் பெயர். உங்கள் ஜேம்ஸைப் பிரித்துக் காட்டுவது அவருடைய டவுன்லாண்ட், அதாவது நம் குறிச்சி மாதிரி. யாழ்ப்பாணத்தில் ஊரைச் சொன்ன பிறகும் "எந்தக் குறிச்சி?" என்று கேட்பார்களே, அதேதான். அயர்லாந்தில் 60,000க்கு மேற்பட்ட டவுன்லாண்டுகள். ஒரே பெயரில் பலவும் உண்டு. ஆகவே கவுண்டி, பாரிஷ் (தேவாலயப் பங்கு), டவுன்லாண்ட் மூன்றும் கைக்கு வரும்வரை தேட வேண்டிய இடம் அயர்லாந்து அல்ல.

முதலில் இங்கே உள்ளவை. விவாகப் பதிவின் பிரதியை எடுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைவிட அது பயன் தரும், ஏனெனில் மணமகனின் தந்தை பெயரும் தொழிலும் அதில் இருக்கும். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் ஆண்டையும் பிரிவையும் கொடுத்துத் தேடச் சொல்லலாம். ஆண்டைக் குத்துமதிப்பாகக் கொடுத்தால் "இல்லை" என்ற பதில்தான் வரும், அதற்குப் பதிவே இல்லை என்று அர்த்தமல்ல. மணம் முடிக்காத பெற்றோரின் பிள்ளை என்றால், இருவரும் சேர்ந்து கேட்டிருந்தால் மட்டுமே தந்தை பெயரைப் பதிவார்கள். தோட்டத்தில் துரைமாருக்குப் பிறந்த பல பிள்ளைகளின் பதிவில் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடப்பது இதனால்தான். அவர்களுக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவைப் பாருங்கள். அரசாங்கப் புத்தகம் விட்டதைப் பாதிரியார் சில இடங்களில் எழுதியிருக்கிறார்.

தோட்டத்துரை என்றால் பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள (பழைய ரீட் அவெனியூ) தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பெர்குசன் டைரக்டரியைக் கேளுங்கள். தோட்டம் தோட்டமாகத் துரையின் பெயர் அதில் வரும். ஒரு ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு எழும்ப வேண்டாம். முன்னும் பின்னும் ஐந்தைந்து ஆண்டு புரட்டினால் எந்த ஆண்டு வந்தார், எந்தத் தோட்டத்துக்கு மாறினார், எப்போது பெயர் நின்றது என்று தெரியும். பெயர் நின்ற ஆண்டுதான் மரணத்தையோ கப்பலையோ தேட வேண்டிய ஆண்டு. பிரித்தானியத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட கப்பல்களின் பயணிகள் பட்டியல் 1890 முதல் 1960 வரை லண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய சுவடிக்கூடத்தில் பிடி 27 என்ற தொடரில் இருக்கிறது. கொழும்புக்கு ஏறியவர்களும் அதில் அடக்கம்.

சிப்பாய் என்றால் அதே கியூவில் டபிள்யூஓ 97. ஓய்வூதியம் பெற்றவர்களின் தாள்கள் அவை, பிறந்த பாரிஷும் கவுண்டியும் எழுதியிருக்கும். பணியிலேயே செத்தவர் அதில் வரமாட்டார். அவருக்கு டபிள்யூஓ 12 என்ற சம்பளப் பட்டியல்களைப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு வீண் அலைச்சல். ஒன்று, பிரித்தானிய இந்தியாவின் நிர்வாகத்தைக் கவனித்த இந்திய அலுவலகத்தின் பதிவுகள். இலங்கை 1802 இலிருந்து முடிக்குரிய குடியேற்ற நாடு, கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ் இல்லை. அதனால் இங்கிருந்த அதிகாரிகளின் கடிதப் போக்குவரத்து குடியேற்ற அலுவலகத்தின் சிஓ 54 தொடரில்தான். மற்றது, டச்சு பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த வம்சவரலாறுகள். அவை அருமையானவை, ஆனால் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியரின் ஆண்வழியைப் பற்றியவை. ஐரிஷ் பூட்டன் அங்கே வந்தால் மருமகனாகத்தான் வருவார்.

இவ்வளவு தேடியும் பலருக்குக் கிடைப்பது "கோர்க், அயர்லாந்து" என்ற ஒற்றை வரி. அது கவுண்டியா, நகரமா, கப்பலேறிய துறையா என்று சொல்ல முடியாது. இங்கேதான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள். கைவிடத் தேவையில்லை. உங்கள் பூட்டனை விட்டுவிட்டு அவருடைய கூடப்பிறந்தவர்களைப் பிடியுங்கள். அந்தக் காலத்து ஐரிஷ் குடும்பத்தில் ஒருவர் மட்டும் வெளியே போனது அபூர்வம். கிழக்கே வந்தவரின் தாளில் இல்லாத ஊர், மெல்போர்னுக்கோ பொஸ்டனுக்கோ போன தங்கையின் தாளில் இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மரணப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1853 இல் தொடங்கியது. இறந்தவரின் பெயர், வயது, காரணம் என்பதோடு நிற்காமல் தந்தை பெயர், தந்தை தொழில், தாயின் கன்னிப் பெயர், பிறந்த இடம், குடியேறி எத்தனை வருடம், எங்கே யாரை மணந்தார், பிள்ளைகளின் பெயரும் வயதும் என்று ஒரே வரியில் குடும்பமே இருக்கும். இவ்வளவு நிறைந்த மரணப் பதிவு கிடைப்பது அரிது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தகவல் சொன்னவர் யார் என்று பாருங்கள். மகன் சொன்னால் நம்பலாம். அயலவர் சொன்னால் தாயின் பெயர் பிழைத்திருக்க இடமுண்டு.

அமெரிக்கா போனவர்களுக்கு நியூயோர்க்கின் குடிவரவு நிலையமான எல்லிஸ் தீவு 1892 ஜனவரி 1 திறந்தது. அதற்கு முன் 1855 முதல் 1890 வரை காசில் கார்டன். 1907 அளவிலிருந்து கப்பல் பட்டியலில் ஊரிலுள்ள மிக நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்டார்கள், அந்தக் கட்டம் தங்கம். எல்லிஸ் தீவில் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சை நம்பாதீர்கள், பட்டியல் எழுதப்பட்டது கப்பல் புறப்பட்ட துறையில்.

யாரெல்லாம் வெளியே போனார்கள் என்று எப்படி அறிவது? 1911 குடிசன மதிப்பீட்டைத் திறவுங்கள். 1901, 1911 இரண்டின் படங்களும் அயர்லாந்துத் தேசிய சுவடிக்கூடத்தின் தளத்தில் இலவசம். 1911 படிவத்தில் மணமான பெண்ணிடம் மூன்று கேள்வி: மணமாகி எத்தனை ஆண்டு, உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு எத்தனை. "30, 9, 7" என்று எழுதி, வீட்டில் மூன்று பிள்ளைகள்தான் இருந்தால், நால்வர் வேறெங்கோ உயிரோடு இருக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவர் இங்கே வந்தவராக இருக்கலாம், மற்ற மூவர் உங்கள் வழிகாட்டிகள். வயதை மட்டும் நம்ப வேண்டாம். 1901 இல் 56 என்றவர் 1911 இல் 70 என்பார், ஏனெனில் 1909 ஜனவரியில் எழுபது வயதானோருக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அதற்கு முந்திய குடிசன மதிப்பீடுகள் ஏன் இல்லை என்று எல்லோரும் கேட்பார்கள். 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் பதிவுகள் வைத்திருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டடத் தீயில் போயிற்று. 1861, 1871 ஐ அரசே அழித்தது. 1881, 1891 முதலாம் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. அதே தீயில் அயர்லாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்கன்) பதிவேடுகள் பலவும் எரிந்தன. கத்தோலிக்கப் பதிவேடுகள் பாரிஷ்களிலேயே இருந்ததால் தப்பின. சுமார் 1880 வரையிலானவற்றைத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. பெயர்கள் லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் யாக்கோபுஸ், வில்லியம் குலியெல்முஸ்.

பிறப்பு, மரணம், எல்லா விவாகங்களும் 1864 முதல் அரசுப் பதிவில் உண்டு. 100 ஆண்டு கடந்த பிறப்பு, 75 கடந்த விவாகம், 50 கடந்த மரணம் ஐரிஷ் ஜெனியாலஜி தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பிறந்த திகதிக்கு முன்பே ஞானஸ்நானம் நடந்ததாகக் கண்டால் குழம்ப வேண்டாம். பதியப் பிந்தினால் தண்டம், அதனால் பிறந்த திகதியைப் பிந்திய நாளாகச் சொன்னார்கள். ஞானஸ்நானத் திகதியையே வைத்துக்கொள்ளுங்கள். கிங்ஸ் கவுண்டி இன்று ஒஃபலி, குயின்ஸ் கவுண்டி லீஷ், குயின்ஸ்டவுன் கோவ். பழைய தாளிலுள்ள பெயரை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது.

1847 க்கும் 1864 க்கும் இடையில் எடுத்த கிரிஃபித் மதிப்பீடு, நிலம் யார் பிடித்திருந்தார்கள் என்று டவுன்லாண்ட் வாரியாகச் சொல்லும். அளவு ஏக்கர், றூட், பேர்ச் என்று இருக்கும். நாற்பது பேர்ச் ஒரு றூட், நாலு றூட் ஒரு ஏக்கர். காணி பேர்ச் கணக்கில் வாங்கும் நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

பெயர் வைக்கும் முறையும் உதவும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பேரன் என்று நாம் சொல்வதுதான் அது. சட்டமல்ல, ஆனால் இரண்டு ஜேம்ஸ்களில் எவர் உங்களவர் என்று தீர்மானிக்க நல்ல சாட்சி.

டிஎன்ஏ பரிசோதனை செய்வதானால் வீட்டில் உயிரோடிருக்கும் மிக மூத்தவருக்குச் செய்யுங்கள், பேரப்பிள்ளைக்கு அல்ல. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி கழியும். பூட்டனின் பங்கு சராசரி 12.5 சதவீதம், அவருடைய அப்பாவினது 6.25. பூட்டனின் உடன்பிறப்பின் வழிவந்தவர்களில் மூன்றாம் தலைமுறை உறவு (ஆங்கிலத்தில் தேர்ட் கசின்) என்றால் பத்தில் ஒருவருக்கு எந்தப் பொருத்தமும் காட்டாது. மச்சான் மச்சாள் கலியாணம் நடந்த குடும்பங்களில் நேர் எதிர்: ஒரே பூட்டன் இரு பக்கத்தாலும் வருவதால் பொருத்தம் பெருத்துக் காட்டும், தளம் உறவை ஒரு படி நெருக்கிச் சொல்லும். அதைக் கழித்தே படியுங்கள்.

ஐரிஷ் குடியுரிமைக்காகத் தேடுவோர் முதலில் தலைமுறையை எண்ணுங்கள். தாத்தா பாட்டியில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் சேர வழியுண்டு. பூட்டன் மட்டும் என்றால், நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் அப்பாவோ அம்மாவோ அதில் பதிந்திருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ உறவொன்று பிடிபட்டால் முதல் கடிதத்தில் வம்சமரம் கேட்காதீர்கள். இறந்தோர் நினைவு அட்டை, கடித உறை, பழைய படம் இருக்கிறதா என்று கேளுங்கள். படத்தின் முன்பக்கத்தை மட்டும் அனுப்புவார்கள். பின்பக்கத்தையும் அனுப்பச் சொல்லுங்கள், ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அங்கேதான் அச்சிட்டிருக்கும்.