கரண்ட் கம்பி வராத வளவு

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியை விட்டு வந்து இது எங்களுக்கு நாலாவது குளிர்காலம். ரொறன்ரோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம், பான்கிராஃப்ட் பக்கம் 22 ஏக்கர் காடு. றோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே வீடு. அவ்வளவு தூரம் கம்பம் நட்டுக் கரண்ட் எடுக்கிற காசுக்கு சோலார் தகடும் பற்றரியும் வாங்கி, வெளிக் கரண்டே இல்லாமல் 'ஓஃப் கிரிட்'டாக இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு சரிதான். பிழைத்தவை வேறு கணக்குகள்.

முதலில் விறகு. இங்கே அதை 'புஷ் கோர்ட்' கணக்கில் விற்பார்கள். 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளத்துக்கு அடுக்கினால் ஒரு கோர்ட். நன்றாகக் காய்ந்த மேப்பிள் என்று ஒருவர் சொன்னதை நம்பி ஆறு கோர்ட் இறக்கினோம். நவம்பரில் மூட்டினால் அடுப்புக் கண்ணாடி கறுத்துப் புகைதான் வந்தது. நத்தாருக்கு வந்த அம்மா இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார்.

"இது பச்சை விறகு பிள்ளை. காய்ஞ்சதெண்டால் கணீரெண்டு கேக்கும்."

ஈர விறகின் புகை புகைபோக்கிக்குள் தார்போலப் படியும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மேப்பிளைப் பிளந்து அடுக்கி ஒரு வருடமாவது காற்றுப்பட விடவேண்டும். இப்போது அடுத்த வருடத்து விறகை இந்த வருடமே அடுக்கிவிடுகிறோம். யாராவது காட்டில் காணி வாங்கப் போகிறேன் என்று கேட்டால், வீட்டுக்கு முதல் விறகு அடுக்கு என்றுதான் சொல்வேன்.

அடுத்தது பற்றரி. டிசம்பரில் இங்கே பகல் 9 மணி நேரம்கூட இல்லை. அதற்காகத் தகடுகளைக் கூடுதலாகவே போட்டிருந்தோம், ஸ்னோ வழுக்கி விழட்டும் என்று செங்குத்தாகவும் நிறுத்தியிருந்தோம். ஆனால் பற்றரியைப் பின்பக்கக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டோம். ஜனவரியில் மூன்று நாள் ஒரே மூட்டம். நாலாம் நாள் பளிச்சென்று வெயில், குளிர் மைனஸ் 28. ஒரு வீதம்கூட ஏறவில்லை. லிதியம் பற்றரி 0 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் சார்ஜ் ஏற்கக் கூடாது, ஏற்றினால் பழுதாகிவிடும். அதனால் அதுவே தன்னைப் பூட்டிக்கொண்டது. இவரும் நானுமாக அதைக் கழற்றி, ஸ்னோவுக்குள் இழுத்து வந்து, அடுப்பு இருக்கிற அறையில் வைத்தோம். அது சூடேறும் வரைக்கும் மெழுகுதிரிதான்.

இருட்டில் மகனுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அவனை மடியில் இழுத்துவைத்துக் கதை சொன்னார். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. பிறகு வருடக்கணக்கில் வரவில்லை. மண்ணெண்ணெய் விலையில் கை வைக்க முடியாது. ஜாம் போத்தல் விளக்கை நடுவில் வைத்து நாங்கள் சுற்றியிருந்து படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். செய்தி முடிவதற்குள் கை மாற்ற வேண்டும்.

"அப்ப நீங்களும் ஓஃப் கிரிட்தானே அம்மம்மா?" என்றான்.

"நாங்கள் விரும்பி இருக்கேல்லை ராசா. எங்களை மறிச்சு வைச்சிருந்தவங்கள்."

அந்தப் பதில் எனக்குள்ளேயே கிடக்கிறது. இங்கே மருந்து வேண்டுமென்றால் காரை எடுத்தால் போதும், பான்கிராஃப்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது. களைத்துவிட்டால் காணியை விற்றுவிட்டு ரொறன்ரோவுக்கே போகலாம். அன்றைக்கு எங்களுக்கு அந்த வழி இருக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் அந்த வருடங்களில் அம்மாவின் கை பழகிய வேலைகள்தான் இன்றைக்கு இந்த வீட்டை நடத்துகின்றன. அந்த நத்தாருக்கு வந்தவர் பிறகு திரும்பிப் போகவில்லை.

தண்ணீருக்குக் கருங்கல்லைத் துளைத்து 210 அடி இறங்கவேண்டியிருந்தது. மின்பம்போடு ஒரு கைப்பம்பும் பூட்டியிருக்கிறோம். நிலம் உறைகிற ஆழத்துக்குக் கீழே அதன் குழாயில் சின்னத் துளை ஒன்று உண்டு. அடித்து முடிந்ததும் மேலே நிற்கிற தண்ணீர் அதன் வழியே இறங்கிவிடும், அதனால் உறையாது. துலாவில் அள்ளிய அம்மாவுக்கு அதன் கைபிடி பழக ஒரு நாளும் தேவைப்படவில்லை.

எனக்கு ஆகப் பிடித்தது மார்ச் மாதம். இரவு உறைந்து பகலில் இளகுகிற நாட்களில்தான் மேப்பிள் மரத்தின் இனிப்பு நீர் சொட்டும். நாற்பது லீற்றர் நீரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. வெளியே கல் அடுப்பு மூட்டி விடியலிலிருந்து இருட்டும்வரை காய்ச்சுவோம். 104 பாகை காட்டினால் பதம் என்று இவர் வெப்பமானியோடு நிற்பார். அம்மா கரண்டியைத் தூக்கிச் சாய்த்து, பாணி சொட்டாமல் தகடாக விழுகிறதா என்று பார்ப்பார். "இறக்குங்கோ தம்பி, காணும்" என்றால் வெப்பமானியும் அங்கேதான் நிற்கும். ஊரில் கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி ஊற்றிய கண் அது. முதல் கரண்டியை வாயில் வைத்தவர், "பனங்கட்டி இல்லைத்தான்" என்றார். இன்னொரு கரண்டியும் கேட்டார்.

நேற்றிரவு பற்றரி 31 வீதத்தில் நின்றது. வெளியே ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை, ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய் சுவிட்ச்சில் கை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டான்:

"அம்மம்மா, லைற்றை நூர்க்கட்டோ?"