எலும்பு கணக்குப் பார்க்கிறது

விண்வெளிப் படம் என்றால் வில்லன் ஒன்று எரிகல்லாக இருக்கும், இல்லாவிட்டால் கப்பலில் விழுந்த ஓட்டையாக இருக்கும். எடையில்லாமல் மிதப்பதால் இடுப்பெலும்பு தேய்வதை வைத்து யாரும் திகில் காட்டுவதில்லை. செவ்வாய்ப் பயணத்துக்கு அதுதான் நிஜமான தலைவலிகளில் ஒன்று.

முதலில் ஒரு பழைய குழப்பம். மேலே ஈர்ப்பே இல்லை என்பது தவறு. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுகிற 400 கி.மீ. உயரத்திலும் தரையில் இருக்கும் ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் எடை தெரிவதில்லை. மணிக்கு சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால் தரையைத் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

உயிர்கள் தோன்றிய நாளிலிருந்து வெப்பம், உப்பு, ஆக்சிஜன் எல்லாம் ஏறி இறங்கியிருக்கின்றன. ஈர்ப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதனால் உடம்பு அதை நம்பியே கட்டப்பட்டிருக்கிறது. உள்காதில் இருக்கும் கால்சியம் கார்பனேட் துகள்களை எடுத்துக்கொள்ளுங்கள். மீன்களுக்கும் இதே மாதிரி ஏற்பாடுதான். 'கீழே' எந்தப் பக்கம் என்று சொல்வது அவற்றின் வேலை. சுற்றுப்பாதைக்குப் போனதும் கண் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் குமட்டல். பிறகு மூளை காதை ஓரங்கட்டிவிட்டுக் கண்ணை நம்பப் பழகிவிடும். கால்களில் இருந்த நீரும் ரத்தமும் மேலே ஏறி முகம் உப்பும், மூக்கு அடைக்கும், கால் குச்சியாகும்.

எலும்பு தேய்வதை மட்டும் நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எலும்பை இடிக்கும் செல்லும் கட்டும் செல்லும் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்க்கின்றன. பாரம் விழுகிற இடத்தில் கட்டுமானம் மிஞ்சும், விழாத இடத்தில் இடிப்பு மிஞ்சும். சுமக்காத எலும்பை வைத்துப் பராமரிப்பது வீண் செலவு என்று உடம்பு கணக்குப் போடுகிறது. சரியான கணக்கு, தப்பான இடம். தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் இடுப்பு மாதிரி பாரம் தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி போகும். கரைந்த கால்சியம் சிறுநீரில் வருவதால் சிறுநீரகக் கல்லுக்கும் வாய்ப்பு.

மாற்று, தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. அங்கே டம்பெல்லுக்கு எடை கிடையாது. அதனால் வெற்றிட சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனை இழுக்கிற மாதிரி ஒரு கருவி. 270 கிலோ வரை பாரம் வைக்கலாம். ட்ரெட்மில்லில் இடுப்பையும் தோளையும் பட்டையால் கீழே இழுத்துக் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் முதல் எட்டிலேயே ஆள் மேலே போய்விடுவார்.

'நாலைந்து தலைமுறை போனால் மனிதன் இதற்கேற்ப பரிணமித்துவிடுவான்' என்று சொல்பவர்கள் உண்டு. பழகுவது வேறு, பரிணாமம் வேறு. அப்பாவின் இடுப்பெலும்பு தேய்ந்தது பிள்ளைக்குப் போகாது. அந்தச் சூழலுக்குத் தோதானவர்கள் அங்கேயே அதிகம் பிள்ளை பெற்றால்தான் பரிணாமம் வேலை செய்யும். இதுவரை அங்கே ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை.

சரி, படங்களில் வருகிற மாதிரி செயற்கை ஈர்ப்புக்காகக் கப்பலையே சுழற்றினால்? இயற்பியல் ஒத்துக்கொள்கிறது, அளவுதான் உதைக்கிறது. 12 மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் பூமி அளவு ஈர்ப்பு வேண்டுமானால் நிமிடத்துக்கு 12 சுற்று சுற்ற வேண்டும். நிற்பவரின் பாதத்தில் முழு ஈர்ப்பு, தலையில் 70 சதவீதம் சொச்சம். தலையைச் சட்டென்று திருப்பினால் அதே உள்காது பழிவாங்கும். நிமிடத்துக்கு 2 சுற்று என்று அடக்கினால் ஆரம் மட்டும் 224 மீட்டர். விண்வெளி நிலையத்தின் மொத்த நீளமே 109 மீட்டர்தான்.

முழுச் சக்கரம் கட்டாமல் இரண்டு கலங்களைக் கயிற்றில் கட்டிச் சுழற்றலாம். 1966 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜெமினி 11 விண்கலம் இதைச் செய்து பார்த்தது. 30 மீட்டர் கயிற்றை ஆளில்லாத அஜீனா கலத்திலிருந்து எடுத்து மாட்ட வெளியே போன விண்வெளி வீரர் ரிச்சர்ட் கார்டனுக்குக் கண்ணில் வியர்வை கட்டிப் பார்வையே மறைந்தது. எடையில்லாத இடத்தில் வியர்வை வழிந்து இறங்காது. சுழற்றியதில் கிடைத்தது பூமி ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்கு. ஜெமினிக்குள் இருந்த வீரர்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முன்னால் இருந்த கருவிப் பலகைக்குப் பக்கத்தில் விட்ட கேமரா மெல்ல நகர்ந்து பின்பக்கம் போய்ச் சேர்ந்தது.