ஆறு கிலோ காப்பிப் பழம், தாத்தாவின் கைக்கணக்கு

ஏற்காட்டில் அரபிக்கா காப்பி நவம்பரில் சிவக்கத் தொடங்கும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர். இன்றும் தோட்டங்களில் பல்பர் எந்திரம்தான் தோலுரிக்கிறது. இங்கே பல்பர் கிடையாது. 6 கிலோ பழம், ஒரு தராசு, 80 தாண்டிய தாத்தா.

முழுச் சிவப்பை மட்டும் பறிக்கணும். விரலால் அழுத்தினால் கொட்டை நழுவி வரும், பச்சைக்காய் பிதுங்காது. வாளித் தண்ணீரில் கொட்டியதும் மிதந்தது 400 கிராம். அதைத் தோலோடு தனியே காயப்போட்டாச்சு. மீதியை அன்றே உரிக்கணும், சாக்கில் ஒரு ராத்திரி கிடந்தால் சூடேறிக் கெட்ட புளிப்பு வந்துவிடும்.

5.6 கிலோ என்றால் 3,000 பழத்துக்கு மேல். இரண்டு பேர் பிதுக்க ஒன்றரை மணி நேரம். தாத்தாவிடம் கேட்க வேண்டியதைக் கேட்க இதைவிட நல்ல நேரம் அமையாது. ஆனால் "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு தாத்தா?" என்றால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். பொருளைக் கையில் கொடுத்து "இந்தக் குச்சி எதுக்கு?" என்று கேட்டால் அரை மணி நேரம் ஓடும்.

கொட்டை மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பு புளித்துக் கரைந்ததா என்று பார்க்கத்தான் குச்சி. பிதுக்கிய கொட்டையைத் தண்ணீர் விடாமல் எவர்சில்வர் குண்டானில் போட்டு ஈரத்துணி மூடணும். குச்சியைச் செருகி எடுத்தால் துளை மூடாமல் நிற்கணும். இதற்கு முந்தைய தடவை பொறுக்காமல் 18 மணி நேரத்திலேயே கழுவியதில் வழவழப்பு போகாமல், காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை வாடை அடித்தது. மலைக் குளிரில் இந்தத் தடவை 36 மணி நேரம் பிடித்தது. கழுவி உள்ளங்கையில் தேய்த்தால் கூழாங்கல் மாதிரி கரகரக்கணும். "இன்னும் வழுக்குது, விடு" என்று தாத்தா இரண்டு முறை திருப்பி அனுப்பினார். ரொம்ப விட்டாலும் காடி வாடை ஏறும், அது கடைசிவரை போகாது.

கயிற்றுக் கட்டிலில் நைலான் வலை விரித்து, இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மணிக்கொரு தரம் கிளறினோம். உச்சி வெயிலில் துணி போர்த்தாவிட்டால் மேல்தோல் வெடிக்கும். நாலு மணிக்கெல்லாம் அள்ளி மூடணும், பனி இறங்கிவிடும்.

ஐந்தாம் நாள் கடித்தால் பல் பதிந்தது. எட்டாம் நாள் 'டக்'கென்று உடைந்தது. "போதும்" என்றார். தராசை நம்பி இன்னும் இரண்டு நாள் காயப்போட்டும் 1,120 கிராமுக்குக் கீழே இறங்கவில்லை.

காய்ந்த கொட்டையின் மேல்தோல் நீங்க, உரலில் கால்வாசி மட்டும் போட்டு உலக்கையை மெல்ல இறக்கணும், ஓங்கிக் குத்தினால் பருப்பு உடையும். முறத்தில் புடைத்தபின் 910 கிராம் நின்றது.

வறுக்க இரும்பு வாணலி, ஒரு ஈட்டுக்கு 200 கிராம், மிதமான தீ. கை நிற்கக் கூடாது. எட்டு நிமிடத்தில் மஞ்சள், பன்னிரண்டில் படபடவென வெடிப்பு. தாத்தாவுக்குக் காது மந்தம், வெடிப்பை அவர் கணக்கில் எடுப்பதே இல்லை. வெள்ளைப் புகை நீலம் கலந்து வந்ததும் "எடு" என்றார். மணி பார்த்தால் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. உடனே முறத்தில் கொட்டி விசிறணும், இல்லையென்றால் தன் சூட்டிலேயே கருகும். 200 கிராம் 168 ஆனது. முதல் ஈட்டில் தீ அதிகம். வெளியே கருப்பு, கடித்தால் உள்ளே வெளிறல், டிகாஷனில் பச்சைப் புளிப்பு. அரைப்பதற்கு முன் ஒரு ராத்திரி ஆறப்போட வேண்டியிருந்தது.

மிதந்த 400 கிராம் மூன்று வாரமாக இன்னும் களத்தில் கிடக்கிறது. தோலோடு காய்வது, காய்ந்துவிட்டால் குலுக்கும்போது உள்ளே கொட்டை ஆடும். தாத்தா தினமும் ஒரு கை அள்ளிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, நம் காதுப் பக்கம் நீட்டுகிறார்: "கேக்குதா, சொல்லு."