அம்மாவின் உயரமும் வீட்டின் அகலமும்

2024 ஜூலை 4, வியாழன்

இடுப்பு எலும்பு முறிந்து, பந்து மூட்டை மாற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மா திங்களன்று வீடு திரும்பலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வாக்கர், வீல்சேர், கழிப்பறைக்குப் பதிலாகப் பயன்படும் வாளி வைத்த கமோட் நாற்காலி, ஏர் பெட் என்னும் காற்று மெத்தை, தலைப்பக்கம் உயர்த்தும் ஃபௌலர் கட்டில் என்று ஒரு பட்டியலும் கையில் வந்தது. மதுரை கோரிப்பாளையம் பக்கம் சர்ஜிகல்ஸ் கடையொன்றில் விசாரித்தபோது, எல்லாம் சேர்ந்து முப்பதாயிரம் ரூபாயை நெருங்கியது. பணம் கட்ட இருந்த நேரத்தில் அம்மாவுக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் தொலைபேசியில், “முதல்ல ஒரு டேப்பை எடுத்து வீட்டையும் அம்மாவையும் அளந்துடுங்கக்கா, அப்புறம் கடைக்குப் போகலாம்” என்றார். முன்பணம் கூடக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களுக்கு இடுப்பு 90 பாகைக்கு மேல் மடங்கக் கூடாது. காலை மடித்துத் தரையில் உட்காரக் கூடாது. உட்காரும் எந்த இடமும் முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் உயரம் 16 அங்குலம், எங்கள் மரக்கட்டிலின் உயரம் மெத்தையோடு சேர்த்து 15 அங்குலம். ஃபௌலர் கட்டில் இல்லாமலேயே இதைத் தீர்க்க முடியும் என்று தோன்றியதால், தெருமுனைத் தச்சரிடம் கட்டில் கால்கள் இறங்கி உட்காரும்படி குழி தோண்டிய நான்கு மரக்கட்டைகளுக்குச் சொல்லிவிட்டேன். மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும், குழாய் வழியாக உணவு செலுத்த வேண்டியவர்களுக்கும் தலைப்பக்கம் உயரும் கட்டில் அவசியம். தானே எழுந்து உட்காரும் அம்மாவுக்கு அது தேவையில்லை என்று மருத்துவரும் ஒப்புக்கொண்டார்.

குளியலறைக் கதவின் உள்ளகலம் 24 அங்குலம். கடையில் பார்த்த வீல்சேரின் மொத்த அகலம் 25 அங்குலம். அந்த ஒரு அங்குலத்தைப் பணம் கொடுத்த பிறகு கண்டுபிடிக்கும் குடும்பங்கள் எத்தனை இருக்கும் என்று எண்ணும்போது மனம் பதறுகிறது. வீட்டுக்கு அனுப்பும் நாளில், அலைந்து களைத்துப்போனவர்களிடம் பொருள்களின் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பது போதாது. எந்த உயரம், எந்த அகலம் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுப்பது மருத்துவமனைகளின் கடமை என்றே கருதுகிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

இரண்டு பொருள்களை மட்டும் புதிதாக வாங்கினேன். மடக்கக்கூடிய அலுமினிய வாக்கர் ரூ. 1,100, உயரம் மாற்றக்கூடிய, கைப்பிடி உள்ள கமோட் நாற்காலி ரூ. 2,600. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில் வாக்கரின் பிடி இருக்க வேண்டும். அப்போதுதான் பிடிக்கும்போது முழங்கை இலேசாக மடிந்து பலம் கிடைக்கும். கமோட் நாற்காலியின் வாளியை எடுத்துவிட்டால் அதை எங்கள் இந்தியக் கழிப்பறைக்கு மேலேயே நிறுத்தலாம் என்பதால், கோப்பையை மாற்றிக் கட்டும் செலவு மிச்சமாயிற்று. சக்கரம் வைத்தது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஈரத் தரையில் அது நகர்ந்துவிடும்.

ஜூலை 10, புதன்

படுக்கைப்புண் வராமலிருக்க நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையம் ஒன்றை வாங்கி அனுப்புவதாக அண்ணன் கோவையிலிருந்து சொன்னார். வேண்டாம் என்றேன், ஏனென்றால் அந்த வளையம் சுற்றியுள்ள தோலை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். ஏர் பெட் அப்படிப்பட்டதல்ல. அதன் அறைகள் மாறி மாறி உப்பி வடிவதால் ஒரே இடத்தில் அழுத்தம் தங்குவதில்லை. எழ முடியாமல் கிடப்பவர்களுக்கு அது பெரிய உதவி, ஆனால் அதில் படுத்திருந்தாலும் அவர்களைத் திருப்பிப் படுக்கவைக்கத்தான் வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

வீல்சேர் மறுபரிசோதனைக்குப் போகும் நாள்களில் மட்டுமே தேவைப்படுகிறது. உள்ளூர் அரிமா சங்க உறுப்பினர் ஒருவரின் மூலம், திருப்பித் தரக்கூடிய முன்பணம் கட்டி ஒன்றை இரவல் வாங்கினோம். எடுப்பதற்கு முன் இரண்டு பிரேக்குகளும் பிடிக்கின்றனவா, கால்தாங்கி மேலே மடிகிறதா, உட்காரும்போது இடுப்பின் இருபுறமும் ஓர் அங்குலம் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 20, சனி

எதிர்வீட்டுப் பாட்டி எங்கள் வாக்கரைப் பார்த்துவிட்டு, “எனக்கு இந்த மூங்கில் கம்புதான் தாயி” என்றார். அவருக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா பொருந்தும். 2017-இல் தொடங்கிய இந்த மத்திய அரசுத் திட்டத்தில், 60 வயது நிறைந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள அல்லது மாத வருமானம் ரூ. 15,000-ஐத் தாண்டாத முதியோருக்கு ஊன்றுகோல், வாக்கர், வீல்சேர், காதொலிக் கருவி, மூக்குக்கண்ணாடி, பல்செட் போன்றவற்றை இலவசமாகத் தருகிறார்கள். கான்பூரிலுள்ள அலிம்கோ என்னும் அரசு நிறுவனம் முகாம் நடத்தி, முதலில் ஆளைப் பரிசோதித்துப் பதிந்துகொண்டு, பிறகு கருவிகளை வழங்குகிறது. அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் வரம்பைத் தாண்டுவதால் எங்களுக்குக் கிடைக்காது. அடுத்த முகாம் எப்போது என்று விசாரிக்க, பாட்டிக்காக 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசினேன். அவருடைய ஆதாரையும் குடும்ப அட்டையையும் நகலெடுத்து வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட திட்டம் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமலிருந்தது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆகஸ்ட் 3, சனி

வெல்டர் வந்து குளியலறையில் இரண்டு எஃகுக் கைப்பிடிகளைச் செங்கல் சுவரில் ஆழமாக போல்ட் அடித்துப் பொருத்தினார், கூலியோடு ரூ. 1,400. உறிஞ்சி ஒட்டும் பிளாஸ்டிக் பிடிகள் இதைவிட மலிவானவை, ஆனால் ஓர் ஆளின் எடையை அவற்றை நம்பி விட எனக்குத் துணிவில்லை. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இன்று வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், வாக்கர் கால்களின் அடியில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை உடனே மாற்றச் சொன்னார். நான்கு கால் ஊன்றுகோலுக்கு இன்னும் சில வாரங்கள் போகட்டும் என்றும், வாங்கும்போது அதை நல்ல காலின் பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும் என்றும் அம்மாவிடம் விளக்கினார். வீல்சேரை நாளை திருப்பித் தருகிறோம். அதற்காகத் திருமங்கலத்தில் ஒரு குடும்பம் காத்திருக்கிறதாம்.